விலை சொல்லும் பொய், எடை சொல்லும் மெய்

இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் நம் பெரியவர்கள். அவர்கள் காலத்தில் கடைக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாள் போய்ச் சண்டையும் போடலாம். இன்று கடை நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கடைக்காரர் யார், எந்த ஊர் என்று தெரியாது. படத்தைப் பார்க்கிறோம், பணத்தைக் கட்டுகிறோம், பார்சலுக்குக் காத்திருக்கிறோம்.

இணையக் கடையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நம் ப்ராஜெக்டுக்கு வேண்டிய சென்சாரும் மோட்டாரும் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகின்றன. ஆனால் நல்ல கடை எது, கள்ளக் கடை எது என்று பிரித்தறிய வேண்டும். அதற்கான கருவி நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் 1,299 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நீங்கள் இலவசமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் ஏமாந்த கதை

எங்கள் ஊர் இராசிபுரம் பக்கம். அம்மா சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கும் வேலைக்குப் போகிறார். அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆள். பொங்கல் முடிந்து வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விடுவார். திரும்பிவர மாதக் கணக்காகும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான் ஒருத்திதான்.

சென்ற ஆண்டு கிளம்பும் முன் அப்பா சொன்னார்: "வண்டியில சார்ஜ் போட ஒரே ஒரு எடந்தான் அம்மிணி. பத்துப் பேர் நிக்கறோம். ராத்திரி உங்களோட பேசலாம்னு எடுத்தா போன் செத்துப் போயிருது." அப்பாவுக்கு ஒரு பவர் பேங்க் வாங்கித் தர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ரீல்ஸ் பார்க்கும்போது ஒரு விளம்பரம் வந்தது. 1,00,000 எம்.ஏ.எச். பவர் பேங்க். விலை 5,999 என்று அடித்துவிட்டு 1,399 என்று போட்டிருந்தார்கள். முன்பணமாகக் கட்டினால் இன்னும் 100 ரூபாய் தள்ளுபடியாம். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது: "சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்." கடையின் பெயர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் போலவே இருந்தது. ஓர் எழுத்து மட்டும் கூடுதல் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. அம்மாவின் நாலு நாள் கூலியை யு.பி.ஐ.யில் கட்டினேன். பணம் போன இடத்தில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. பளபளவென்று இருந்தது. நான்கு நீல விளக்குகளும் எரிந்தன. அப்பா அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார். மூன்றாம் நாளிலிருந்து போன் இல்லை. இரண்டு ராத்திரி அம்மா தூங்கவில்லை. "போர் போடற எடத்துல என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ" என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் டிரைவர் அண்ணன் போனிலிருந்து அப்பா பேசினார். "ஒண்ணுமில்ல அம்மிணி, நீ குடுத்த பொட்டி ஒரு தடவைக்கே வாய மூடிக்கிச்சு." திட்டவில்லை. "படிச்ச புள்ள வாங்குனா செரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலே தேவலை.

அந்தக் கடையைத் தேடினேன். எண் அணைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளில் அந்த வலைத்தளமே காணவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா திரும்பி வந்ததும் அந்தப் பெட்டியை லேபுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஆசிரியர் முன்னிலையில் திறந்தோம். உள்ளே ஒரே ஒரு சின்ன செல், கனத்துக்காகப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் தகடு. அவ்வளவுதான்! (லித்தியம் செல்லில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். வீட்டில் யாரும் இதைத் திறக்க வேண்டாம்.)

ஆசிரியர் கேட்டார்: "விளம்பரத்தில எடை எவ்வளவு போட்டிருந்தான்?" என் போனில் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. 350 கிராம். "அப்ப அவன் பொய் சொல்றான்னு அந்தப் பக்கத்திலேயே எழுதி வெச்சிருக்கானேம்மா. நீ கணக்குப் போடலையா?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பவர் பேங்குகளில் அதிகம் போடுவது 18650 வகை லித்தியம் செல். 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம். நல்ல கம்பெனி செல்லே சுமார் 3,500 எம்.ஏ.எச். தரும். ஒரு செல்லின் எடை 45 முதல் 50 கிராம். ஆகவே 1,00,000 எம்.ஏ.எச். வேண்டுமானால் குறைந்தது 29 செல் வேண்டும். செல் மட்டுமே 1.3 கிலோவுக்கு மேல் வந்துவிடும். அது 350 கிராம் பெட்டிக்குள் எப்படி அடங்கும்? தட்டையான பாலிமர் செல் போட்டாலும் எடைக் கணக்கு பெரிதாக மாறாது. மளிகைக் கடைத் தராசே இந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு கணக்கு. உண்மையான 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கை எடுத்துக்கொள்வோம். அந்த அளவு உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்லப்படுவது. ஆற்றல் 20 × 3.7 = 74 வாட் அவர். வெளியே வருவது 5 வோல்ட். 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14,800 எம்.ஏ.எச்.தான். மின்மாற்றும் சுற்றில் வெப்பமாகப் போவதையும் கழித்தால் 12,000 முதல் 13,000 வரை வந்தால் நல்ல சரக்கு. நேர்மையான கம்பெனி இந்த வெளியீட்டு அளவையும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். கள்ளச் சரக்கில் பெரிய எண் ஒன்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இதே முறையை மற்றப் பொருள்களுக்கும் பொருத்திப் பாருங்கள்.

ஸ்பீக்கர்: பெட்டியில் 5,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். அதோடு வரும் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட். உள்ளே போவது 24 என்றால் வெளியே 5,000 எங்கிருந்து வரும்? ஆற்றல் அழிவின்மை விதி நமக்கு மட்டுமல்ல, விளம்பரக்காரருக்கும் பொருந்தும். ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

பென் டிரைவ்: 2 டி.பி. பென் டிரைவ் 399 ரூபாய் என்பார்கள். கணினியில் செருகினால் 2 டி.பி. என்றே காட்டும். ஆனால் உள்ளே 16 அல்லது 32 ஜி.பி. சிப்தான் இருக்கும். கன்ட்ரோலரின் மென்பொருளைத் திருத்திப் பொய் அளவைச் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மை அளவு தாண்டியதும் புதிய கோப்பு பழையதன் மேல் எழுதப்படும், அல்லது காணாமல் போகும். வாங்கியவுடன் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்க இலவச மென்பொருள்கள் உண்டு. லினக்ஸில் எஃப்3 என்பது அப்படிப்பட்ட ஒன்று. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அதில் போடும் முன்பே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நாடே ஏமாந்த 251 ரூபாய்

நான் மட்டும்தான் ஏமாளியா என்று தேடிப் பார்த்தபோது 2016-ல் நடந்த ஒரு சம்பவம் கிடைத்தது. நொய்டாவிலிருந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பெனி 'ஃப்ரீடம் 251' என்ற ஸ்மார்ட்போனை வெறும் 251 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. 4 அங்குலத் திரை, 1 ஜி.பி. ராம், 3ஜி என்று விவரம் சொன்னார்கள். அனுப்பும் செலவு 40 ரூபாய். 2016 பிப்ரவரி 18-ல் முன்பதிவு தொடங்கியது. கூட்டம் தாங்காமல் வலைத்தளம் நின்றே போனது.

பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த மாதிரி போனில் ஆட்காம் என்ற வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. அதன் மேல் வெள்ளை மை பூசி மறைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினாலே தெரிந்துவிட்டது. அந்த வசதிகளோடு ஒரு போன் செய்ய உதிரிப் பாகங்களுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று தொழில் துறையினர் அப்போதே சொன்னார்கள். ஆனாலும் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலானோர் கைக்குப் போன் வரவேயில்லை. 2017 பிப்ரவரியில், விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் அக்கம்பெனியின் நிறுவனர் கைது செய்யப்பட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? பெருந்துறை ஈமு கோழியை நம் பக்கத்தில் மறந்தவர் உண்டா? 2012-ல் அந்தத் திட்டங்கள் சரிந்தபோது கொங்கு மண்டலத்தில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன! கோழியானாலும் போனானாலும் தூண்டில் ஒன்றுதான். "இந்த விலைக்கு, இந்த இலாபத்துக்கு இது எப்படி முடியும்?" என்ற ஒரு கேள்வியை நம்மைக் கேட்கவிடாமல் செய்வதே அவர்கள் தொழில்.

கடையை அறிய ஏழு வழிகள்

1. முகவரிப் பட்டையில் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்து கூடியிருக்கிறதா, இடையில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டுச் சின்னம் இருந்தால் நேர்மையான கடை என்று பொருளல்ல. நாம் அனுப்பும் தகவலை வழியில் மற்றவர் படிக்க முடியாது என்று மட்டுமே பொருள். திருடனும் பூட்டு வாங்கலாம் அல்லவா?

2. அந்த வலைத்தளப் பெயர் என்று பதிவானது என்பதை 'ஹூ இஸ்' தேடலில் யாரும் பார்க்கலாம். "பத்தாண்டு நம்பிக்கை" என்று சொல்லும் கடையின் பெயர் மூன்று வாரம் முன்பு பதிவாகியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

3. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி இணையக் கடை தன் சட்டப்பூர்வப் பெயர், தலைமையிட முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலர் பெயர் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப் எண் மட்டும் தரும் கடை இதில் எதையும் செய்யப் போவதில்லை.

4. ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வரும். வேறொருவர் எண்ணைத் திருடிப் போடுவதும் உண்டு. ஆகவே பெயரும் ஊரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

5. பெரிய தளமாக இருந்தாலும் அங்கே விற்பவர் வேறு யாரோவாக இருக்கலாம். "விற்பவர்" என்ற இடத்தைத் தொட்டு அவர் பெயரையும் மதிப்பீட்டையும் பாருங்கள்.

6. கருத்துரைகளில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்றைப் படியுங்கள். எல்லாப் புகழ்ச்சியும் ஒரே வாரத்தில் வந்திருந்தாலும், பவர் பேங்குக்குக் கீழே சேலையின் படம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

7. ஓடும் கடிகாரத்தைக் கண்டால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். இப்படிப் பொய் அவசரம் காட்டி விற்பது 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது. நாளைக்கும் அந்தக் கடிகாரம் அதே 9 நிமிடத்தில்தான் நிற்கும்!

பார்சல் வந்ததும்

பிரிப்பதற்கு முன்பிருந்தே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு படத்தில் தெரியட்டும். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி இல்லை.

மொபைல், அடாப்டர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவு வேண்டும். பொருளின் மேல் ஆங்கில ஆர் என்ற எழுத்தும் அதையடுத்து 8 இலக்க எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று காட்டும். என் பவர் பேங்கில் அந்த எண்ணே இல்லை.

போன் என்றால், பழைய போனானாலும், நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் விவரம் வரும். திருட்டுப் போனைத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஏமாந்துவிட்டால்?

நண்பர்களே, இந்தப் பகுதியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

கடையே போலி, பணம் போய்விட்டது என்றால் உடனே 1930. இது சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கி மூலம் நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் அனுப்பிய எண், தேதி, தொகை, ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் புகார் பதியலாம்.

கடை உண்மை, ஆனால் பொருள் மோசம், பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 இலட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. "கஸ்டமர் கேர்" எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். அங்கே போலி எண்கள் காத்திருக்கின்றன. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி மீதியையும் எடுத்துக்கொள்வார்கள். பணம் நமக்கு வருவதற்கு பின் எண் போட வேண்டியதே இல்லை. கேட்பவன் திருடன்.

என் இரண்டாவது தவறு

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். பவர் பேங்க் வேலை செய்யவில்லை என்று தெரிந்த அன்று நான் 1930-ஐ அழைத்திருக்கலாம். அந்த எண் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்ததை நானே படித்திருக்கிறேன். ஆனால் அழைக்கவில்லை. "டிப்ளமோ படிக்கிற புள்ள, அதுவும் எலெக்ட்ரானிக்ஸ், இப்படி ஏமாந்துச்சே" என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். அந்த வெட்கத்தைத்தான் திருடன் நம்பியிருக்கிறான். நான் வாய் திறக்காததால் அதே ஆள் வேறொரு பெயரில் வேறொரு கடை திறந்திருப்பான். வேறு யாராவது ஒரு அம்மாவின் நாலு நாள் கூலி அவனுக்குப் போயிருக்கும்.

லேபில் பெட்டியைத் திறந்த அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலம் கடந்து புகாரும் பதிந்தேன். பணம் வரவில்லை. அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அப்ப உனக்குக் கணக்கு தெரியும், போடத்தான் இல்ல. அப்படித்தான கண்ணு?"

அப்படித்தான் அம்மா!

நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். வீட்டில் ஒரு போன் வாங்குவதென்றாலும், மிக்சி வாங்குவதென்றாலும், "நீ பாத்துச் சொல்லு" என்று நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நாம் தலையாட்டினால் பணத்தை எடுத்து வைக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மரியாதை என்பது எல்லாம் தெரிந்தவர் போல் நடிப்பதல்ல. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதும், தெரியாததைக் கேட்பதும், ஏமாந்தால் உடனே வாய் திறந்து சொல்வதும்தான்.

இந்தப் பொங்கலுக்கு அப்பா கிளம்பும்போது 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆர் எண்ணைச் செயலியில் பார்த்தேன். பில்லை அட்டைப்பெட்டியோடு வைத்திருக்கிறேன். மளிகைக் கடை அண்ணாச்சி தராசில் வைத்து எடையும் பார்த்தேன். அவர் சிரித்தார், "என்ன பாப்பா, துவரம் பருப்பா?" என்று. சிரிக்கட்டும்.

இப்போது ராத்திரி எட்டரைக்கு அப்பாவின் போன் வந்துவிடுகிறது.